ராவ், குப்தா, மில்லர்: பெங்களூருவின் ஜப்பானிய மொழி வகுப்பறைக்கு ஒரு முன்வரலாறு

பெங்களூருவின் தனியார் பள்ளிகளில் ஜப்பானிய மொழி பயில வருவோரில் பெரும்பாலோர் முதல் நாளிலேயே அறிமுகமாகும் மனிதர் மைக் மில்லர். அமெரிக்கர், ஐ.எம்.சி. என்னும் கற்பனை நிறுவனத்தின் ஊழியர். ‘மின்னா நோ நிஹொங்கோ’, அதாவது ‘அனைவருக்குமான ஜப்பானிய மொழி’ என்னும் பாடநூலின் நாயகர் அவரே. அதே நிறுவனத்தில் குப்தா என்றோர் இந்தியரும் பணிபுரிகிறார். ஆங்காங்கே தலைகாட்டி மறைகிறார். டெல்லிப் பதிப்பகமொன்று வெளியிடும் இந்தியப் பதிப்பின் வழியாக இந்த இருவரும் நாடெங்கும் ஜப்பானிய வகுப்பறைகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். பாடநூலைக் கையில் எடுப்பவர் அதை ஒரு கருவியாகவே காண்கிறார். அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்று எண்ணுவதில்லை. ஆனால் எந்தப் பாடநூலும் தன் மாணவர் யார் என்பதை முன்கூட்டியே கற்பனை செய்துகொண்டுதான் எழுதப்படுகிறது. இந்நூலின் முன்னோடிகள் கற்பனை செய்த மாணவர், தொழிற்சாலைப் பயிற்சிக்காக ஆசிய நாடுகளிலிருந்து கப்பலேறியோ விமானமேறியோ வந்த இளைஞர். பெங்களூருவின் ஜப்பானியக் கல்வியைப் புரிந்துகொள்ள அந்த இளைஞரிடமிருந்து தொடங்குவதே பொருத்தம். அதற்கு முன், அவர் வராத காலத்தையும் சற்றுப் பார்க்கவேண்டும்.

பெங்களூருவுக்கும் ஜப்பானுக்குமான உறவு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. அந்த உறவில் நீண்ட காலம் மொழிக்கு மட்டும் இடமில்லை. 1893இல் ஜப்பான் சென்றுவந்த ஜம்ஷெட்ஜி டாட்டா, அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஜப்பானிய வல்லுநர்களின் துணையுடன் பெங்களூருவில் பட்டுப் பண்ணை ஒன்றை நிறுவினார். பசவனகுடிப் பக்கத்தில் ‘டாட்டா சில்க் ஃபார்ம்’ என்னும் இடப்பெயர் இன்றும் வழங்குகிறது, பண்ணைதான் இல்லை. 1898இல் ஜப்பானைச் சுற்றிப்பார்த்த மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா, 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்த காலத்தில் முன்னெடுத்த தொழில்மயத் திட்டங்களில் அந்நாட்டின் எடுத்துக்காட்டு ஆழப் பதிந்திருந்தது. 1961இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து பெங்களூருவில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பட்டுப்பூச்சியும் வந்தது, திட்டமிடலும் வந்தது, கடிகாரமும் வந்தது. மொழி வரவில்லை. இடைநின்று பேசியது ஆங்கிலமே. இது பெங்களூருவுக்கு மட்டும் உரியதன்று. 1916இல் சுதேசமித்திரனில் ஹைக்கூவைத் தமிழருக்கு அறிமுகம் செய்த பாரதியும், யோனே நோகுச்சி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையின் வழியாகவே அதை அறிந்தார். ஜப்பானைப் போற்றிய தலைமுறை ஜப்பானிய மொழியைக் கற்ற தலைமுறையாக இருக்கவில்லை.

ஒரே விதிவிலக்கு போர்க்காலம். 1942க்குப் பின் பிரித்தானிய இந்திய ராணுவம் சிம்லாவில் ஜப்பானிய மொழிப் பள்ளி நடத்தியது. டெல்லியில் இயங்கிய கம்பியில்லாத் தந்தி ஒட்டுக்கேட்பு மையத்தின் துணை நிலையம் ஒன்று பெங்களூருவில் இருந்தது. பகைவரின் செய்தியை இடைமறிக்கவும் சிறைப்பட்டோரை விசாரிக்கவும் தேவைப்பட்ட மொழி அது. போர் முடிந்ததும் அத்தேவையும் முடிந்தது. கலை, இலக்கியம் சார்ந்த நோக்கில் ஜப்பானியம் கற்பிக்கப்பட்ட இடம் வேறு. தாகூரின் சாந்திநிகேதனில் 1905இலேயே சானோ ஜின்னோசுகே ஜூடோவுடன் மொழியையும் கற்பித்தார்; விசுவபாரதியில் ஜப்பானியக் கல்வி 1954இல் முறையாகத் தொடங்கியது. அந்த மரபு தெற்கே பெங்களூருவின் தனியார் வகுப்புகளுக்கு வந்து சேரவில்லை. பெங்களூருவுக்கு வந்த மரபின் ஊற்று டோக்கியோவில் இருக்கிறது.

அயல்நாட்டவருக்கு ஜப்பானியம் கற்பிப்பதை ஒரு தொழில்முறைத் துறையாக வளர்த்தெடுத்தோரில் முதன்மையானவர் நாகானுமா நாவோஎ. 1923 முதல் டோக்கியோ அமெரிக்கத் தூதரகத்தில் மொழி அலுவலர்களுக்குக் கற்பித்தவர். 1930களின் தொடக்கத்தில் அவர் தொகுத்த வாசிப்பு நூல் வரிசையையே போர்க்காலத்தில் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் அமெரிக்கக் கடற்படை தன் மொழிப் பள்ளியில் பயன்படுத்தியது என்பது வரலாற்றின் சிறு குறும்பு. 1948இல் அவர் டோக்கியோவில் நிறுவிய தனியார் மொழிப் பள்ளி மதபோதகர், தூதரக அலுவலர், வணிகர் ஆகியோருக்குக் கற்பித்தது. இவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டவர். காலமும் பணமும் உடையவர்கள். வாசிக்கவேண்டும் என்ற நோக்கமும் அவர்களுக்கு இருந்தது. ஆகவே நாகானுமாவின் நூல் வாசிப்பு நூலாகவே அமைந்தது.

1959இல் தொடங்கப்பட்ட ஏ.ஓ.டி.எஸ். என்னும் அயல்நாட்டுத் தொழில்நுட்பப் பயிற்சிக் கழகத்தின் மாணவர்கள் முற்றிலும் வேறானவர்கள். வணிக, தொழில் அமைச்சகத்தின் ஆதரவுடன், ஆசிய மாணவர் பண்பாட்டுக் கழகத்தை 1957இல் நிறுவிய ஹோசுமி கோஇச்சியின் முயற்சியில் உருவான அமைப்பு இது. வளரும் நாடுகளிலிருந்து வந்த பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குச் செல்லுமுன் இங்கே தங்கி, சில வாரங்களில் மொழியின் அடிப்படையைக் கற்றாக வேண்டும். ஆறு வார வகுப்பு என்பது இதன் வழக்கமான அளவு. ஒரே அறையில் இந்தியரும் தாய்லாந்தினரும் இந்தோனேசியரும் அமர்ந்திருப்பர். அனைவருக்கும் பொதுவான மொழி என ஒன்றில்லை. ஆகவே ஆசிரியர் ஜப்பானியத்திலேயே பேசிக் கற்பிக்கவேண்டும். எழுத்துக்குக் காலமில்லை. வாக்கிய அச்சு ஒன்றைத் தந்து, சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்திச் சொல்லவைக்கும் பயிற்சியே சாத்தியம். 1970களில் இத்தேவையிலிருந்து பிறந்தது ‘நிஹொங்கோ நோ கிசோ’, அதாவது ‘ஜப்பானிய மொழியின் அடிப்படை’. இக்கழகத்தின் நூல்களை வெளியிட்டுவந்த பதிப்பகம் 1973இல் தோன்றியது. அதன் பெயரிலுள்ள மூன்று ஏகாரங்கள் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்றைக் குறிக்கின்றன. மூன்றாம் உலகம் என்ற சொல் இன்னும் நம்பிக்கையோடு ஒலித்த காலம் அது.

1990இல் வெளிவந்த திருத்திய வடிவமான ‘ஷின் நிஹொங்கோ நோ கிசோ’வைத் திறந்தால் முன்னிற்பவர் மில்லரல்லர், ராவ். இந்தியாவிலிருந்து வந்த ‘கென்ஷூசெய்’, அதாவது பயிற்சியாளர். தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார், விடுதியில் வசிக்கிறார், பயிற்சி நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்குச் செல்கிறார். ஆசிரியர்கள் தம் கண்முன் கண்ட மாணவரையே பாத்திரமாக்கினர் என்று கொள்வதில் பிழையில்லை. இந்தியர் ஒருவர் ஜப்பானியப் பாடநூலின் முகப்பில் நின்ற காலம் அது.

1998இல் அதன் உடன்பிறப்பாக ‘மின்னா நோ நிஹொங்கோ’ வந்தது. தொழிற்சாலைப் பயிற்சியாளர் மட்டுமின்றி அனைவரும் பயிலத்தக்க நூல் என்பதே பெயரின் பொருள். அதற்கான சூழலும் கனிந்திருந்தது. 1983இல் பிரதமர் நகசோனே ஒரு லட்சம் அயல்நாட்டு மாணவர் என்ற இலக்கை அறிவித்தபின் ஜப்பானில் தனியார் மொழிப் பள்ளிகள் மளமளவென்று முளைத்தன. அவற்றுள் சில கல்விக் கூடங்களாக அன்றி நுழைவாயில்களாகவே இயங்கின. கட்டணம் பெற்று அனுமதிக் கடிதம் வழங்கின. விசா கிட்டாத இளைஞர்கள் 1988இல் ஷாங்காய் ஜப்பானியத் துணைத்தூதரகத்தைச் சூழ்ந்து போராடினர். மறு ஆண்டே பள்ளிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு ஒன்று உருவாயிற்று. மொழிக் கல்வி என்ற பெயரில் நிகழ்வது கல்வியா, ஆளெடுப்பா என்ற ஐயம் அன்றே எழுந்துவிட்டது, இன்றுவரை தீரவில்லை.

புதிய நூலில் ராவ் இல்லை. அமெரிக்க ஊழியர், பிரேசில் விமான நிறுவனத்தவர், சீன மருத்துவர், கொரிய ஆய்வாளர், இந்தோனேசிய மாணவி, ஜெர்மன் பொறியாளர் என ஒரு நடுத்தர வர்க்க உலகம் விரிகிறது. தொழிற்சாலை பின்னுக்குப் போய், அலுவலகமும் கடைவீதியும் முன்னே வருகின்றன. ஆனால் எலும்புக்கூடு மாறவில்லை. இருபத்தைந்து இருபத்தைந்தாக ஐம்பது பாடங்கள், அதே வாக்கிய அச்சுகள், ஏறத்தாழ அதே வரிசை. மில்லர் அணிந்திருப்பது ராவின் சட்டை.

இந்த எலும்புக்கூட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. மாணவர் முதற்பாடம் முதலே ‘தெஸ்’, ‘மாஸ்’ என முடியும் மரியாதை வடிவங்களைக் கற்கிறார். அகராதியில் உள்ள வினைவடிவம் 18ஆம் பாடத்தில்தான் வருகிறது. நெருக்கமானவரிடம் பேசும் வெற்று நடை 20ஆம் பாடத்தில். மொழியியல் நோக்கில் இது தலைகீழ் வரிசை. வெற்று வடிவத்திலிருந்தே பிற வடிவங்களை விளக்குவது எளிது. ஆனால் மேலாளரிடமும் சக தொழிலாளரிடமும் மறுநாளே பேசவேண்டிய அயலவருக்கு, தவறியும் மரியாதைக் குறைவு நேராத பேச்சே முதல் தேவை. ஏவல் வடிவம் 33ஆம் பாடத்தில் வருகிறது. அங்கே மாணவர் கட்டளையிடப் பழகுவதைவிட, ‘நில்’, ‘நுழையாதே’ என்னும் அறிவிப்புகளைப் படித்துப் பொருள் கொள்ளவே அதிகம் பழகுகிறார். உயர்வும் பணிவும் காட்டும் சிறப்பு வினைகள் கடைசி இரு பாடங்களில். அதிகாரத்தின் படிக்கட்டில் அவர் நிற்கும் இடம் பாடவரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நூலின் மூலப் பகுதி முழுதும் ஜப்பானியத்தில். இலக்கண விளக்கமும் சொற்பொருளும் தனித் தொகுதியில், ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகளில். பெங்களூரு வகுப்பறையில் கைக்கு வருவது ஆங்கிலத் தொகுதி. இதனால் நேரும் இழப்பு பெரிது என்றே சொல்லவேண்டும். தமிழரோ கன்னடரோ ஜப்பானிய வாக்கியத்தைச் சந்திக்கும்போது அது அவர்களுக்கு அயலான அமைப்பன்று. வினை இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டும். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதில் எச்சம் பெயருக்கு முன் நிற்பதுபோலவே அங்கும் நிற்கும். 14ஆம் பாடத்தில் மாணவரை வாட்டும் ‘தே’ வடிவம், ‘போய்’, ‘வாங்கி’, ‘படித்து’ என்னும் நம் வினையெச்சத்தின் வேலையைத்தான் பெரிதும் செய்கிறது. ஆங்கில விளக்கம் இதை வால்சுற்றி விளக்க, மாணவரும் தாய்மொழியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஆங்கிலத்தின் முதுகிலேறி ஜப்பானியத்துக்குப் போகிறார். ஓனோ சுசுமு முன்வைத்த தமிழ், ஜப்பானியப் பிறப்புறவுக் கொள்கையை மொழியியலாளருள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஏற்கவேண்டிய தேவையும் இங்கில்லை. உறவில்லாத இரு மொழிகளின் அமைப்பு ஒத்திருப்பதே வகுப்பறைக்குப் போதுமான செல்வம்.

கொடுத்தலைக் குறிக்கும் வினைகளை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானியத்தில் நான் பிறருக்குக் கொடுப்பது ‘அகெரு’. பிறர் எனக்குக் கொடுப்பது ‘குரெரு’. முன்னது 7ஆம் பாடத்திலும் பின்னது 24ஆம் பாடத்திலும் வருகின்றன. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் இந்த இடைவெளி தேவைப்பட்டிருக்கலாம். தமிழ் மாணவருக்கு இது புதிதாகத் தோன்றக்கூடாது. தன்மை, முன்னிலை இடங்களுக்குத் தருதலும் வருதலும், படர்க்கைக்குக் கொடுத்தலும் செல்லுதலும் உரியன எனக் கிளவியாக்கத்தில் வகுத்தவர் தொல்காப்பியர். இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் என்ற படிநிலைக்கேற்ப ஈ, தா, கொடு எனப் பிரித்ததும் அவரே. மலையாளப் பேச்சில் தருதலும் கொடுத்தலும் இன்றும் இவ்வாறே பிரிந்து வழங்குகின்றன. ஒப்புமை முழுமையானதன்று. ‘இதோ வருகிறேன்’ என்று தமிழர் சொல்லுமிடத்தில் ஜப்பானியர் ‘செல்கிறேன்’ என்பார். முன்னிலையாரிடம் போவதும் அவருக்குச் செலவுதான், வரவன்று. இத்தகைய ஒப்பும் வேறுபாடும் சேர்ந்த விளக்கம்தான் தமிழ் மாணவருக்கு வேண்டியது. உலகின் எந்த நாட்டவருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட நூலில் அதை எதிர்பார்க்க முடியாது. இங்குள்ள பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகளிடமிருந்து எதிர்பார்க்கலாம்.

நூல் இந்தியாவுக்குள் பரவியதில் பயிற்சியாளர்களுக்கே பங்குண்டு. ஏ.ஓ.டி.எஸ். பயிற்சி முடித்துத் திரும்பியோர் ஆசிய நகரங்கள் பலவற்றில் ‘தோசோகாய்’ என்னும் முன்னாள் மாணவர் சங்கங்களை அமைத்தனர். அவற்றுள் ஒன்றான சென்னைச் சங்கம் நீண்ட காலமாக ஜப்பானிய வகுப்புகளை நடத்திவருகிறது. ஜப்பானிய மொழித்திறன் தேர்வையும் அந்நகரில் அதுவே நடத்துகிறது. ராவின் பாடம் ராவின் தோழர்களாலேயே ஊருக்குக் கொண்டுவரப்பட்டது.

பெங்களூருவில் சந்தை பெருகியது சற்றுப் பின்னர். 1997இல் டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவப்பட்டது. 1999 டிசம்பரில் பிடதி ஆலையில் உற்பத்தி தொடங்கியது. ‘கைசென்’, ‘கென்பா’, ‘முதா’ என்னும் சொற்கள் இலக்கணத்தின் துணையின்றியே ஆலைத்தளத்துப் பேச்சில் கலந்தன. மறுபுறம் மென்பொருள் நிறுவனங்கள் ஜப்பானிய வாடிக்கையாளரைத் தேடின. அமெரிக்க வாடிக்கையாளரிடம் ஆங்கிலம் போதும். ஜப்பானிய வாடிக்கையாளர் தேவை ஆவணத்தை ஜப்பானியத்திலேயே எழுதினார். ஜப்பானிய எழுத்தை ஓரளவு முன்னமே அறிந்த சீனப் பொறியாளர்களைக் கொண்ட தாலியன் நகரம் அச்சந்தையில் முந்திக்கொண்டது. பெங்களூருவில் ‘பாலப் பொறியாளர்’ என்னும் புதுவகைப் பணியாளர் தோன்றினார். வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டு, இங்குள்ள குழுவுக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைப்பது அவர் பணி. அவருக்காகவே மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு என்று தனியார் பள்ளிகள் பெருகின. நூற்றாண்டுக் காலம் மொழியின்றி நடந்த உறவில், வாடிக்கையாளர் இருக்கையில் ஜப்பானியர் அமர்ந்த பின்னரே மொழிக்கு விலை பிறந்தது.

ஆனால் இந்தப் பொறியாளருக்கு வேண்டியது வாசிப்பு. அவர் கையில் கிடைத்ததோ பேச்சுக்காக வடித்த நூல். 1984இல் தொடங்கி நான்கு படிகளாக இருந்த மொழித்திறன் தேர்வு 2010இல் ஐந்து படிகளாக்கப்பட்டது. இன்றைய என்4 படிக்கு நிகரான பழைய மூன்றாம் படி எதிர்பார்த்தது சீன வழி வந்த காஞ்சி எழுத்துகள் சுமார் 300. முதற்படி எதிர்பார்த்தது சுமார் 2000. ஐம்பது பாடங்களையும் முடித்தவர் ஏறத்தாழ என்4 வாசலில் நிற்கிறார். நாளிதழின் ஒரு பத்தியோ வாடிக்கையாளரின் ஆவணமோ அங்கிருந்து வெகு தொலைவு.

அண்மைக்கால அரசு ஏற்பாடுகள் இந்த வாசலையே இலக்காக்கியிருக்கின்றன. 2017இல் இரு பிரதமர்களும் சந்தித்தபோது, இந்திய உயர்கல்வி நிறுவனங்கள் நூற்றில் ஜப்பானியச் சான்றிதழ் வகுப்பு, ஐந்தாண்டில் ஆயிரம் ஆசிரியருக்குப் பயிற்சி என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் தொழில்நுட்பப் பயிற்சியாளரை அனுப்பும் உடன்பாடும் கையெழுத்தாயிற்று. 2019 ஏப்ரலில் ஜப்பான் ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ என்னும் புதிய விசாவைத் தொடங்கியது. 2021 ஜனவரியில் இந்தியா அதில் இணைந்தது. முதியோர் பராமரிப்பு, உணவு பதப்படுத்தல், கட்டுமானம், வேளாண்மை முதலிய துறைகளில் ஆள் தேவை. பொதுவாகக் கேட்கப்படும் மொழித்திறன் என்4 அல்லது அதற்கு நிகரான அடிப்படைத் தேர்வு. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் வெளியிட்ட செயல்திட்டம், ஐந்தாண்டில் இருபுறமும் ஐந்து லட்சம் பேர் போய்வரவேண்டும் என்றும், அதில் இந்தியாவிலிருந்து செல்லும் திறன் பணியாளர் ஐம்பதாயிரம் பேர் என்றும் இலக்கு வைத்தது. விசா கேட்கும் எல்லையும் பாடநூல் முடியும் எல்லையும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன.

இவ்வாறு ராவ் திரும்பி வந்திருக்கிறார். ஆனால் அதே ராவல்லர். 1960களிலும் 70களிலும் ‘கென்ஷூசெய்’ என்றால் நுட்பம் கற்று ஊர் திரும்பி அங்கே ஆலையை நடத்தவேண்டியவர். 1993இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் அச்சொல்லின் மறைவில் குறைந்த கூலி உழைப்பு பெறப்பட்டதென்ற கண்டனம் ஜப்பானுக்குள்ளிருந்தே தொடர்ந்து எழுந்தது. முதலாளியை மாற்றிக்கொள்ள இயலாமை, இடைத்தரகருக்குப் பட்ட கடன், பணியிடத்தை விட்டு ஓடிப்போதல் ஆகியன அதன் அறியப்பட்ட குறைகள். இன்று பெங்களூருவின் ஒரே வகுப்பறையில், ஆவணம் வாசிக்க விழையும் பொறியாளரும், அனிமே பார்த்து ஆர்வம் கொண்ட கல்லூரி மாணவியும், முதியோர் இல்லப் பணிக்குப் புறப்படும் செவிலியரும் அருகருகே அமர்ந்து அதே அச்சுகளைச் சொல்லிப் பழகக்கூடும். முதலிருவருக்கும் பாடநூலின் குறை ஒரு தாமதம் மட்டுமே. மூன்றாமவர் ஊதியச் சீட்டையும் பணி ஒப்பந்தத்தையும் தாமே படித்துப் புரிந்துகொண்டாக வேண்டும். அவ்விரண்டையும் படிக்க வேண்டிய சொற்களும் காஞ்சி எழுத்துகளும் இந்த ஐம்பது பாடங்களின் எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. அறிவிப்புப் பலகையிலுள்ள ஏவலைப் படிக்க மட்டும் 33ஆம் பாடம் இருக்கிறது.

2024இல் ஜப்பானிய நாடாளுமன்றம் பழைய பயிற்சித் திட்டத்தை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2027இல் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் மாற்றுக்கு ‘இகுசெய் ஷூரோ’ என்று பெயர். வளர்த்தெடுத்துப் பணியில் அமர்த்துதல் என்று பொருள்படும். பயிற்சி என்ற சொல் பெயரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. உழைப்பு என்ற சொல் முதன்முறையாக அங்கே வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது.